‘டாட்நெட் ரன்’ கட்டளையில் பில்ட் ப்ராபர்ட்டி கொடுப்பது எப்படி?

டாட்நெட்டில் நிரல் எழுதத் தொடங்கியவர்கள் முதல் நாளிலேயே பழகிவிடும் கட்டளை ‘டாட்நெட் ரன்’. அடித்தால் போதும், ஆப் ஓடும். சில வாரங்கள் கழித்து வேறு தேவைகள் வருகின்றன. ஒரே ஆப்பைச் சோதனைப் பதிப்பாகவும் முழுப் பதிப்பாகவும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிப்பு எண்ணை இந்த ஒரு தடவை மட்டும் மாற்ற வேண்டும். பலர் அப்போது ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து திருத்துவார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், பிறகு பழையபடி மாற்றி வைப்பார்கள். மாற்றி வைக்க மறந்தால் அந்தத் திருத்தம் அப்படியே கிட்டுக்குள் (நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) போய்விடும். ஃபைலைத் தொடாமல், ஓட்டும் கட்டளையிலேயே அந்த மதிப்பைக் கொடுக்க வழி இருக்கிறது. ஆப் உருவாகும்போது பயன்படும் இப்படிப்பட்ட பெயரிட்ட மதிப்புதான் பில்ட் ப்ராபர்ட்டி. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் நிரல் வரிகளையும் ஒலிப்பை வைத்துத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். கோடு, முக்காற்புள்ளி, சமக்குறி போன்ற குறிகள் இங்கே இருப்பது போலவே வரும். கட்டளைப் பெயர்களும் ‘-பி’ போன்ற ஆப்ஷன்களும் எப்போதும் சிறிய எழுத்து. ப்ராபர்ட்டிப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை எம்எஸ்பில்ட் (டாட்நெட்டின் பில்ட் கருவி) பார்ப்பதில்லை என்பதால் அங்கே கவலை வேண்டாம்.

ஒரு வரி, மூன்று பேர்

‘டாட்நெட் ரன்’ என்று அடித்ததும் அடுத்தடுத்து இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் உங்கள் ப்ராஜெக்ட் பில்ட் ஆகிறது, அதாவது நிரல் கம்பைல் ஆகி ஓடக்கூடிய வடிவத்துக்கு வருகிறது. அந்த வேலையைச் செய்வது எம்எஸ்பில்ட். பில்ட் முடிந்ததும், உருவான ஆப் ஓடத் தொடங்குகிறது. ஆக, நீங்கள் அடிக்கும் அந்த ஒரே வரியில் மூன்று பேருக்கான செய்தி இருக்க முடியும்: டாட்நெட் ரன்னுக்கு, எம்எஸ்பில்ட்டுக்கு, உங்கள் ஆப்புக்கு. எந்தச் சொல் யாருக்குப் போகிறது என்பது தெரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

எந்த ப்ராஜெக்ட்டை ஓட்டுவது என்று சொல்லும் ‘--ப்ராஜெக்ட்’, பில்ட் செய்யாமல் ஓட்டு என்று சொல்லும் ‘--நோ-பில்ட்’ இவையெல்லாம் டாட்நெட் ரன்னுக்கு. ‘-பி:பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் இருப்பது எம்எஸ்பில்ட்டுக்கு. தனியாக நிற்கும் இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் வருவதெல்லாம் உங்கள் ஆப்புக்கு. மூன்றையும் சேர்த்து எழுதினால் இப்படி இருக்கும்:

டாட்நெட் ரன் --ப்ராஜெக்ட் சோதனை -பி:எடிஷன்=டெமோ -- கணக்கு.டெக்ஸ்ட்

இங்கே ‘கணக்கு.டெக்ஸ்ட்’ என்பது ஆப்பின் மெயின் மெத்தடுக்குப் போகும் ஆர்க்யுமென்ட். ‘எடிஷன்’ அங்கே போகாது. அது பில்ட் நடக்கும்போது மட்டும் உயிரோடு இருக்கும் மதிப்பு. பில்ட் ப்ராபர்ட்டியை ஆப் ஓடும்போது சூழல் மாறியை (இயங்குதளத்தில் பெயர் வைத்துச் சேமிக்கும் மதிப்பு) போலப் படித்துக்கொள்ளலாம் என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. ஆப்புக்குள் அந்த மதிப்பு தெரிய வேண்டுமென்றால் பில்ட் நேரத்திலேயே உள்ளே பதித்துவிட வேண்டும். அதற்கான இரண்டு வழிகளைச் செய்தே பார்த்துவிடுவோம்.

சோதனை ப்ராஜெக்ட்

டெர்மினலைத் திறந்து ஒரு சிறிய கன்சோல் ஆப்பை உருவாக்குங்கள்.

டாட்நெட் நியூ கன்சோல் -ஓ சோதனை

அந்த ஃபோல்டருக்குள் போய் ‘டாட்நெட் --வெர்ஷன்’ அடித்து உங்களிடம் எந்த எஸ்டிகே (டாட்நெட்டின் நிரலாக்கக் கருவித் தொகுப்பு) இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 8 அல்லது அதற்கு மேல் இருந்தால், டாட்நெட் 10 என்று தனியாகச் சொல்லியிருப்பதைத் தவிர கீழே வரும் எல்லாமே வேலை செய்யும். 6 அல்லது 7 என்றாலும் பெரும்பாலானவை செய்யும். 5 அல்லது அதற்கும் பழையது என்றால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். காரணம், அந்தக் காலத்தில் டாட்நெட் ரன்னில் ‘-பி’ என்பது ‘--ப்ராஜெக்ட்’ என்பதன் சுருக்கம். டாட்நெட் பில்ட், டாட்நெட் பப்ளிஷ் ஆகியவற்றில் அதே ‘-பி’ ப்ராபர்ட்டியைக் குறித்தது. ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள். 2021 நவம்பரில் வந்த டாட்நெட் 6 இதைச் சரிசெய்யத் தொடங்கியது: ‘-பி’ இனி ப்ராபர்ட்டிக்கு, ப்ராஜெக்ட் என்றால் முழுப் பெயரை எழுதுங்கள் என்று எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் ‘டாட்நெட் ரன் -பி’ என்று எழுதி அதன் பின்னால் ஃபோல்டர் பெயர் இருந்தால், அது அந்தக் காலத்து எழுத்து. அதை ‘--ப்ராஜெக்ட்’ என்று மாற்றி வாசியுங்கள்.

இப்போது சிஎஸ்ப்ராஜ் ஃபைலை (அதுதான் ப்ராஜெக்ட் ஃபைல்) திறந்து, ஏற்கெனவே இருக்கும் ப்ராபர்ட்டிகுரூப்புக்குக் கீழே இவற்றைச் சேருங்கள். ப்ராபர்ட்டிகுரூப் என்ற குறிச்சொல்லில் ‘ப்ராபர்ட்டி’, ‘குரூப்’ இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். கண்டிஷனும் அப்படியே.

<ப்ராபர்ட்டிகுரூப்>
  <எடிஷன் கண்டிஷன்="'$(எடிஷன்)' == ''">ஃபுல்</எடிஷன்>
</ப்ராபர்ட்டிகுரூப்>

<ப்ராபர்ட்டிகுரூப் கண்டிஷன்="'$(எடிஷன்)' == 'டெமோ'">
  <டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ்>$(டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ்);டெமோ</டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ்>
</ப்ராபர்ட்டிகுரூப்>

முதல் பகுதி, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ‘ஃபுல்’ என்று வைத்துக்கொள் என்கிறது. இரண்டாவது பகுதி, எடிஷன் ‘டெமோ’ என்றால் கம்பைலருக்கு ‘டெமோ’ என்ற குறியீட்டையும் சேர்த்துக் கொடு என்கிறது. எம்எஸ்பில்ட் ஃபைலை மேலிருந்து கீழாகப் படிக்கும். அதனால் இந்த வரிசை முக்கியம்.

‘எடிஷன்’ என்பது நாமே வைத்த பெயர். உங்களுக்கு விருப்பமான எந்தப் பெயரையும் வைக்கலாம், ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. ப்ராபர்ட்டிப் பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, நடுக்கோடு மட்டுமே வரலாம். முதல் எழுத்து எண்ணாக இருக்கக் கூடாது. மதிப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தமிழிலேயே மதிப்பு கொடுக்கலாம்.

அப்புறம் ப்ரோக்ராம்.சிஎஸ் ஃபைலில் இருப்பதை அழித்துவிட்டு இதை எழுதுங்கள்:

#இஃப் டெமோ
கன்சோல்.ரைட்லைன்("சோதனைப் பதிப்பு");
#எல்ஸ்
கன்சோல்.ரைட்லைன்("முழுப் பதிப்பு");
#எண்டிஃப்

இங்கேயும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம். சி ஷார்ப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். சிஎஸ்ப்ராஜில் ‘டெமோ’ குறியீட்டை முழுக்கப் பெரிய எழுத்தில் வைத்திருந்தால் இங்கேயும் அப்படியே எழுதுங்கள்.

ஓட்டிப் பார்ப்போம்

முதலில் எதுவும் கொடுக்காமல் ‘டாட்நெட் ரன்’. ‘முழுப் பதிப்பு’ என்று வரும். அடுத்து:

டாட்நெட் ரன் -பி:எடிஷன்=டெமோ

‘சோதனைப் பதிப்பு’ என்று வர வேண்டும். ‘-பி’க்குப் பதிலாக ‘--ப்ராபர்ட்டி:எடிஷன்=டெமோ’ என்று முழுதாகவும் எழுதலாம். கையால் அடிக்கும்போது சுருக்கம் வசதி. ஸ்கிரிப்ட்டில் எழுதி வைப்பதானால் முழுப் பெயரே நல்லது என்பது என் கருத்து. ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு ‘-பி’ என்றால் ப்ராஜெக்ட்டா ப்ராபர்ட்டியா என்ற சந்தேகம் வராது.

சிலர் ‘டாட்நெட் ரன் --எடிஷன்=டெமோ’ என்று அடித்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்கள். டாட்நெட் ரன் தனக்குத் தெரியாத ஆப்ஷன்களை ஆப்புக்கு அனுப்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எம்எஸ்பில்ட் அதைப் பார்க்கவே இல்லை, ஆப்பும் அதைக் கண்டுகொள்ளவில்லை, எனவே ‘முழுப் பதிப்பு’ என்றே வந்துகொண்டிருக்கும். ‘-பி:’ பகுதியை இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் எழுதினாலும் இதே கதைதான்.

‘--நோ-பில்ட்’ இன்னொரு பொறி. பில்ட்டே நடக்காதபோது பில்ட் ப்ராபர்ட்டியால் ஆப் மாறாது. கடைசியாக எப்படிப் பில்ட் செய்தீர்களோ அதுவே ஓடும். மதிப்பை மாற்றியும் வெளியீடு மாறவில்லை என்றால் அந்த ஆப்ஷன் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

யாருடைய சொல் செல்லும்?

ஒரே ப்ராபர்ட்டிக்கு மூன்று இடங்களிலிருந்து மதிப்பு வரலாம்: கட்டளை வரி, ப்ராஜெக்ட் ஃபைல், சூழல் மாறி. கட்டளை வரியில் வருவதை எம்எஸ்பில்ட் குளோபல் ப்ராபர்ட்டி என்று வைத்துக்கொள்கிறது. ப்ராஜெக்ட் ஃபைலில் அதே பெயருக்கு என்ன எழுதியிருந்தாலும் கட்டளை வரியில் சொன்னதே செல்லும். சூழல் மாறி இதற்கு நேர் எதிர். அதுவும் ப்ராபர்ட்டியாக உள்ளே வருகிறது, ஆனால் ப்ராஜெக்ட் ஃபைல் அதை எளிதாக மாற்றி எழுதிவிடும்.

மேலே ‘எடிஷன் காலியாக இருந்தால் மட்டும்’ என்று கண்டிஷன் போட்டதற்கு அதுதான் காரணம். கட்டளை வரிக்கு அந்தக் கண்டிஷன் தேவையில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் எடிஷன் என்ற சூழல் மாறியை வைத்து ஓட்டுபவருக்குப் பலன் கிடைக்காது. ‘பிளாட்ஃபார்ம்’ போன்ற பொதுவான பெயரில் சூழல் மாறி ஏற்கெனவே இருக்கும் கணினிகளும் உண்டு. அங்கே காரணமே தெரியாமல் பில்ட் உடையும். வேறு யாருடைய கணினியிலும் வராத பிழை உங்கள் கணினியில் மட்டும் வந்தால் சூழல் மாறிகளின் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

கட்டளை வரிக்கு இருக்கும் இந்த அதிகாரம் பெரிய வசதி. அதுவே ஆபத்தும்கூட. ‘டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ்’ ப்ராபர்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடிஷன் என்று தனியாக ஒன்று எதற்கு, நேராக ‘-பி:டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ்=டெமோ’ என்று கொடுத்தால் போதாதா என்று தோன்றும். கொடுக்கலாம், ‘சோதனைப் பதிப்பு’ என்றும் வரும். ஆனால் அந்த ப்ராபர்ட்டியில் எஸ்டிகே ஏற்கெனவே ‘டீபக்’, ‘ட்ரேஸ்’ என்ற குறியீடுகளை வைத்திருந்தது. கட்டளை வரியிலிருந்து வந்த மதிப்பு அவற்றோடு சேர்ந்துகொள்ளவில்லை, முழுதாக அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விளைவு, உங்கள் நிரலில் ‘டீபக்.அசெர்ட்’ என்று எழுதியிருக்கும் சோதனைகள் எல்லாம் கம்பைல் ஆகாமலே மறைந்துவிடும். பிழை எதுவும் வராது என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். ஆகவே, ஏற்கெனவே மதிப்பு சேர்ந்திருக்கும் ப்ராபர்ட்டிகளைக் கட்டளை வரியிலிருந்து தொடாதீர்கள். நாம் செய்தது போல உங்களுக்கென்று ஒரு ப்ராபர்ட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளோபல் ப்ராபர்ட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. உங்கள் ப்ராஜெக்ட் வேறு ப்ராஜெக்ட்களைச் சார்ந்திருந்தால் அவற்றுக்கும் அது போய்ச் சேரும். பதிப்பு எண் என்றால் பரவாயில்லை, பெரும்பாலும் நாம் விரும்புவதும் அதைத்தான். உருவாகும் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் ‘அசெம்பிளிநேம்’ ப்ராபர்ட்டியை இப்படிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆப்புக்கும் அது சார்ந்திருக்கும் லைப்ரரிக்கும் ஒரே பெயர் விழுந்து ஒன்றோடொன்று மோதும். ‘அவுட்புட்பாத்’ கொடுத்தால் எல்லா ப்ராஜெக்ட்களின் வெளியீடும் ஒரே ஃபோல்டரில் குவியும். இந்த இரண்டையும் ப்ராஜெக்ட் ஃபைலிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

மதிப்பை ஆப்புக்குள் கொண்டுபோவது

#இஃப் வழி நிரலையே இரண்டாகப் பிரிக்கிறது. சில நேரம் அவ்வளவு தேவைப்படாது, மதிப்பைச் சும்மா படித்துத் திரையில் காட்டினால் போதும். அதற்கு அசெம்பிளிமெட்டாடேட்டா பொருத்தம். டாட்நெட் 5 எஸ்டிகே முதல் இது இருக்கிறது. சிஎஸ்ப்ராஜில் இதைச் சேருங்கள்:

<ஐட்டம்குரூப்>
  <அசெம்பிளிமெட்டாடேட்டா இன்க்ளூட்="எடிஷன்" வேல்யூ="$(எடிஷன்)" />
</ஐட்டம்குரூப்>

பில்ட் ஆகும்போது இந்தப் பெயரும் மதிப்பும் டிஎல்எல் ஃபைலுக்குள்ளேயே ஒரு அட்ரிப்யூட்டாகப் பதிந்துவிடும். நிரலில் சிஸ்டம்.ரிஃப்ளெக்ஷன் நேம்ஸ்பேஸைச் சேர்த்து, இப்போது ஓடும் அசெம்பிளியின் (பில்ட் ஆகி உருவான அந்த டிஎல்எல்லின்) அசெம்பிளிமெட்டாடேட்டாஅட்ரிப்யூட்களை எடுத்து, ‘கீ’ எடிஷன் என்று இருப்பதன் ‘வேல்யூ’வைப் படித்தால் முடிந்தது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று லாகில் எழுதவும், ‘இந்த ஆப்பைப் பற்றி’ பக்கத்தில் காட்டவும் நான் விரும்புவது இந்த வழியைத்தான்.

பதிப்பு எண்ணுக்கு இதுகூட வேண்டாம். ‘டாட்நெட் ரன் -பி:வெர்ஷன்=2.1.0’ என்று கொடுத்தாலே எஸ்டிகே அதை அசெம்பிளியின் தகவல் பதிப்பில் எழுதிவிடும். கிட் ரெப்போவுக்குள் வேலை செய்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறியும் நீண்ட கமிட் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். டாட்நெட் 8 முதல் அது இயல்பாகவே அப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்றுக்கு மேற்பட்டவை, மேற்கோள் குறிகள்

பல ப்ராபர்ட்டிகளைக் கொடுக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ‘-பி’ எழுதுங்கள்:

டாட்நெட் ரன் -பி:எடிஷன்=டெமோ -பி:வெர்ஷன்=2.1.0

அரைப்புள்ளி போட்டு ஒரே ‘-பி’யில் சேர்த்து எழுதவும் எம்எஸ்பில்ட் இடம் தருகிறது. ஆனால் பாஷ், பவர்ஷெல் ஆகிய டெர்மினல் ஷெல்களில் அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் பாதிக் கட்டளையோடு ஓடிவிடும். தனித்தனியாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மதிப்பில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம்: ‘-பி:கம்பெனி="எங்கள் குழு"’. பவர்ஷெல்லில் எப்போதுமே முழு ஆர்க்யுமென்ட்டையும் மேற்கோள் குறிக்குள் வைத்து அடிப்பது பாதுகாப்பு. கோட்டில் தொடங்கி நடுவில் புள்ளி வரும் சொற்களை அது சில நேரம் இரண்டாக வெட்டிவிடும், பதிப்பு எண்ணிலோ புள்ளி இல்லாமல் இருக்காது. மதிப்புக்குள்ளேயே அரைப்புள்ளி வேண்டுமென்றால் அதற்குப் பதில் %3பி என்றும், காற்புள்ளி வேண்டுமென்றால் %2சி என்றும் எழுத வேண்டும். எம்எஸ்பில்ட் இரண்டையுமே பிரிப்பானாகப் பார்க்கும். எம்எஸ்பி1006 என்ற எண்ணோடு ப்ராபர்ட்டி செல்லாது என்று பிழை வந்தால் முதலில் தேட வேண்டியது இப்படித் தப்பி வந்த ஒரு பிரிப்பானைத்தான்.

ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்

மதிப்பு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாதபோது ஆப்பை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது நேர விரயம். எம்எஸ்பில்ட்டிடமே கேட்கலாம். டாட்நெட் 8 எஸ்டிகேயோடு வந்த வசதி இது:

டாட்நெட் எம்எஸ்பில்ட் -கெட்ப்ராபர்ட்டி:எடிஷன் -பி:எடிஷன்=டெமோ

பில்ட் செய்யாமல் கணக்கிட்டு மதிப்பை மட்டும் ஒரு வரியில் காட்டும். இதே வரியில் எடிஷனுக்குப் பதில் டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸை வைத்துக் கேட்டுப் பாருங்கள். பிறகு ‘-பி:டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ்=டெமோ’ என்று கொடுத்தும் கேளுங்கள். மேலே சொன்ன ‘டீபக்’, ‘ட்ரேஸ்’ காணாமல் போவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சிக்கல் இதைவிடப் பெரிது என்றால் டாட்நெட் பில்ட்டோடு ‘-பிஎல்’ சேர்த்து ஓட்டுங்கள். எம்எஸ்பில்ட்.பின்லாக் என்ற ஃபைல் உருவாகும். எம்எஸ்பில்ட் ஸ்ட்ரக்சர்ட் லாக் வியூவர் என்ற இலவசக் கருவியில் அதைத் திறந்து, எந்த ப்ராஜெக்ட்டுக்கு எந்த மதிப்பு போனது என்று தேடிப் பார்க்கலாம்.

ஒரே ப்ராபர்ட்டியை ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அது கட்டளை வரியில் இருக்க வேண்டியதில்லை. ரெப்போவின் மேல் ஃபோல்டரில் டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸ் என்ற ஃபைலில் எழுதி வைத்தால் கீழே உள்ள எல்லா ப்ராஜெக்ட்களும் அதை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அந்த ஃபைல் பெயரின் பெரிய, சிறிய எழுத்துகள் சரியாக இருக்க வேண்டும். டைரக்டரி, பில்ட் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும், ப்ராப்ஸ் முழுக்கச் சிறிய எழுத்து. டாட்நெட் 10 இல் ப்ராஜெக்ட் ஃபைலே இல்லாமல் ஒற்றை சிஎஸ் ஃபைலை ஓட்டுபவர்கள், அந்த ஃபைலின் தலையில் ‘#:ப்ராபர்ட்டி’ என்று தொடங்கும் வரியில் மதிப்பை எழுதலாம்.

‘கான்ஃபிகரேஷன்’ போன்ற சிலவற்றுக்குத் தனிச் சுருக்கமே இருக்கிறது. ‘-சி ரிலீஸ்’ என்று எழுதினால் போதும். டாட்நெட் ரன் எதுவும் சொல்லாவிட்டால் ‘டீபக்’ என்று எடுத்துக்கொள்ளும். டாட்நெட் பப்ளிஷோ, 8 முதல் ‘ரிலீஸ்’ என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணினியில் ஓடியது வெளியிட்ட பிறகு வேறுமாதிரி நடந்தால் இந்த வேறுபாட்டையும் நினைவில் வைத்துத் தேடுங்கள்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி போன்றவற்றை மட்டும் இந்த வழியில் அனுப்பாதீர்கள். டெர்மினல் வரலாற்றில் அந்த வரி தங்கிவிடும், பின்லாக் ஃபைலில் அப்படியே தெரியும். அசெம்பிளிமெட்டாடேட்டாவில் பதித்திருந்தால் டிஎல்எல்லைத் திறந்து பார்க்கும் எவருக்கும் கிடைக்கும். அவற்றை ஆப் ஓடும் நேரத்தில் சூழல் மாறியிலிருந்து படித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதானால் ‘டாட்நெட் யூசர்-சீக்ரெட்ஸ்’ கட்டளை இருக்கிறது. அது மதிப்புகளை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே சேமிப்பதால் அவை கிட்டுக்குள் போகாது.